மீட்டர் அங்கிளின் கண்

கேரம், தாயம், பாம்பும் ஏணியும் என்று எதிலும் எங்கள் வீட்டில் நான் தோற்றதே கிடையாது. பதினோரு வயது வரை இந்தச் சாதனை நீடித்தது. நான் ஓர் அபாரமான ஆட்டக்காரி என்று ஊரில் வேறு யாரும் நம்பினார்களோ இல்லையோ, நான் நம்பினேன். தோற்றால் நான் போடும் கூச்சலுக்குக் கிள்ளானில் எங்கள் வரிசையில் நாலு வீடு தள்ளி இருப்பவர்கள்கூட வாசலுக்கு வந்துவிடுவார்கள். அதற்குப் பயந்து, குழியின் வாயிலேயே நிற்கும் சிவப்புக் காயை அப்பா வேண்டுமென்றே தவறவிடுவார். தாயத்தில் அம்மா என் காயை வெட்டாமல் ஒதுங்கிப் போவார். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்த கதை.

அம்மாவின் கடைசித் தம்பியான மாமாவும் என்னை ஜெயிக்க விடுகிறவர்தான். ஆனால் மற்றவர்கள் ஓர் ஆட்டத்தோடு, வேலை இருக்கிறது என்று எழுந்து போய்விடுவார்கள். மாமா மட்டும் மறுபடியும் காய்களை அடுக்குவார். அதனால் எனக்கு உலகத்திலேயே அவரைத்தான் பிடிக்கும். துறைமுகத்தில் கொள்கலன் கணக்கு எழுதும் வேலை அவருக்கு. வேலை இல்லாத நேரமெல்லாம் விரல் உயரப் பிளாஸ்டிக் சிப்பாய்களைப் பசை வைத்து ஒட்டி, மயிரிழைத் தூரிகையால் வண்ணம் தீட்டிக்கொண்டிருப்பார். அந்தச் சிப்பாய்களை அவரும் சிநேகிதர்களும் பெரிய மேசையில் நிறுத்தி, டேப்பால் அளந்து நகர்த்தி, பகடை உருட்டிப் போர் செய்வார்கள். அதற்கென்று தடித்த விதிப் புத்தகமே உண்டு. அம்மாவுக்கு அது எதுவும் கண்ணில் படாது. "முப்பத்தோரு வயசுல பொம்ம வெளயாடுறான். பொண்ணு வீட்டுக்காரங்க கேட்டா நான் என்னன்னு சொல்றது?" என்பது அம்மாவின் நிரந்தரப் புலம்பல்.

போர் நடக்கும் இடம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு டியூஷன் நிலையம். சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடி. அதை நடத்தியவரை எல்லாரும் டியூஷன் சார் என்பார்கள், மாமாவின் பள்ளித் தோழர். ஞாயிற்றுக்கிழமை வகுப்பு கிடையாது என்பதால் எட்டு மேசைகளை ஒன்றாகச் சேர்த்துப் பச்சைத் துணி விரித்தால் போர்க்களம் தயார். நீல பிளாஸ்டிக் தாளை வெட்டி ஆறு. பாசார் சந்தையில் மீன் வரும் வெள்ளை நுரைப் பெட்டிகளைச் செதுக்கிப் பச்சை அடித்து மலைகள். மூன்று முறை கழுவியும் அந்த மலைகளில் மீன் வாசம் போகவில்லை.

இரண்டு பேருக்கு இரண்டு பேர் என்பதுதான் அவர்கள் வைத்துக்கொண்ட முறை. நாலு பேர் இல்லாவிட்டால் மேசை இல்லை. நாலாவது ஆளாக டெங்கிலில் இருந்து ஒரு சீன அங்கிள் வந்துகொண்டிருந்தார். ஒருநாள் அவர் வருவதை நிறுத்திவிட்டார். வேலை அதிகம் என்று செய்தி அனுப்பினாராம். மாமா அதை நம்பவில்லை. "எல்லாம் நம்ம மீட்டர் அண்ணனாலதான். சும்மா சும்மா அளந்தா எவன் வருவான்?" என்றார். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்ற கணக்கில், ஐந்தாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த என்னை நாலாவது ஆளாகக் கூட்டிக்கொண்டு போனார்.

மீட்டர் அங்கிள் என்று மாமா சொன்னவர் செலாயாங்கில் இருந்து வருவார். நிலம் அளக்கிற வேலை. காலையில் மாதா கோயிலில் பூசை பார்த்துவிட்டு அதே வெள்ளை நீளக்கைச் சட்டையோடு, கையை மட்டும் முழங்கை வரை மடித்துவிட்டு, இரண்டு மணி ஆட்டத்துக்கு ஒன்று ஐம்பதுக்கே வந்து நிற்பார். மேசையில் இருந்த மலைகள் எல்லாம் அவர் செய்தவை. சட்டைப் பையில் இரும்பு டேப், சின்ன நோட்டுப் புத்தகம், பென்சில். அறுபதை நெருங்கியவர், ஆனால் கண்ணாடி போடமாட்டார். மேசையின் அந்தக் கோடியில் நின்றுகொண்டு இந்தக் கோடியில் நான் பிடித்திருக்கும் டேப்பைப் படிப்பார்.

"ஆறு இல்லம்மா. அஞ்சே முக்கா. கொஞ்சம் பின்னால வை."

நான் எட்டிப் பார்ப்பேன். அஞ்சே முக்காலாகத்தான் இருக்கும். ஒரு சிப்பாய் இன்னொரு சிப்பாயைப் பார்க்க முடிகிறதா என்று சந்தேகம் வந்தால், முட்டி இரண்டும் சடசடக்க மண்டியிட்டு, கன்னத்தை மேசையில் வைத்து, அந்தப் பொம்மையின் கண் உயரத்தில் இருந்து பார்த்துச் சொல்வார். தனக்குச் சாதகமாக இருந்தாலும் அதே மண்டி, பாதகமாக இருந்தாலும் அதே மண்டி. சின்னப் பிள்ளை என்று எனக்கு ஒரு கால் இஞ்சு விட்டுக்கொடுத்ததில்லை. ஆட்டம் முடிந்ததும் ஜெயித்தாலும் தோற்றாலும் எல்லாருக்கும் கைகொடுத்து "நல்ல ஆட்டம்" என்று சொல்வார். அதையும் அளந்து சொல்வது போலத்தான் இருக்கும். எனக்கு அவரை அறவே பிடிக்காது.

மாமா அதற்கு நேர் எதிர். அவர் இருக்கும் பக்கம்தான் சிரிப்பு இருக்கும். செத்துப்போகும் ஒவ்வொரு சிப்பாய்க்கும் ஒரு கடைசி வசனம் சொல்வார். பகடை உருட்டுவதில் அவருக்கென்று ஒரு பாணி. உருட்டுவதும் எடுப்பதும் ஒரே வீச்சு. பகடை நின்றதா நிற்கவில்லையா என்று மற்றவர்கள் பார்ப்பதற்குள் "அஞ்சு, ஆறு, அஞ்சு" என்று சொல்லிக்கொண்டே வாரி உள்ளங்கைக்குள் போட்டுவிடுவார். பார்க்கவே அழகாக இருக்கும். தேர்ந்த ஆட்டக்காரர்கள் இப்படித்தான் செய்வார்கள் போலிருக்கிறது என்று நினைத்து, வீட்டுச் சமையலறைத் தரையில் உட்கார்ந்து நானும் பழகினேன். இரண்டு வாரத்தில் கை வந்துவிட்டது.

அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. எட்டு ஞாயிறு சேர்ந்தது ஒரு போர். அதில் செத்த சிப்பாய் மறுவாரம் உயிரோடு எழுந்து வர முடியாது. கொன்றவரின் பிஸ்கட் டின்னுக்குள் போய், எட்டாவது ஞாயிறு முடியும்வரை அவர் வீட்டிலேயே இருக்க வேண்டும். மாமாவின் சிப்பாய்கள் போனால் எனக்கு ஒன்றும் இல்லை. என் தளபதி போவதைத்தான் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அந்தத் தளபதி முழுக்க என் கையால் உருவானவர். ஒரு கையில் வாள், மறு கையில் மஞ்சள் கொடி. மேலங்கிக்கு மாமாவிடம் இருந்த சிவப்பு பிடிக்காமல், அம்மாவின் நகச்சாயத்தை எடுத்துப் பூசினேன். ஒரு கல்யாணத்துக்குப் புறப்படும்போது அம்மா அதைத் தேடியது தனிக் கதை. முகம் தீட்டும்போது கை நடுங்கி ஒரு கண் மற்றதைவிடப் பெரிதாகிவிட்டது. அதனால் அவர் எப்போதும் எதையோ பார்த்துத் திடுக்கிட்டவர் போலவே இருப்பார். பள்ளிக்கூடத்துக்கும் பென்சில் பெட்டியில் கொண்டுபோவேன்.

ஐந்தாவது ஞாயிறு அது நடந்தது.

அன்று பாலத்தைப் பிடிக்க வேண்டும். மாமாவும் நானும் ஒரு பக்கம், மீட்டர் அங்கிளும் டியூஷன் சாரும் எதிர்ப்பக்கம். மாமாவின் படை வெயிலில் வைத்த ஐஸ் மாதிரி கரைந்துவிட்டது. கடைசிச் சுற்றில் பாலத்தின் மேல் மிச்சம் நின்றது என் தளபதி ஒருவர்தான். அந்தச் சுற்று முடியும்வரை அவர் நின்றுவிட்டால் வெற்றி எங்களுக்கு. விழுந்தால் அவர்களுக்கு. விழுந்தால் செலாயாங்குக்குப் போய்விடுவார் என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது, வெற்றி தோல்வி அதற்கப்புறம்தான்.

மீட்டர் அங்கிள் தன் வில்லாளிகளிடம் இருந்து பாலம் வரை டேப்பை இழுத்தார். பன்னிரண்டு இஞ்சுக்குள் இருந்தால் அம்பு எய்யலாம். பதினொன்றரை. பிறகு முட்டி சடசடக்க மண்டியிட்டார். கன்னத்தை மேசையில் வைத்து ஒரு கண்ணை மூடிக்கொண்டார். மலை மறைக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

"கொடி தெரியுது," என்றார். கொஞ்சம் நகர்ந்தார். "தலையும் தெரியுது."

எழுந்து இரண்டு பகடைகளை உருட்டினார். அவை நின்ற பிறகும் கையை எடுத்துக் கட்டிக்கொண்டு நின்றார். "பாத்துக்கோம்மா. ஒண்ணு பட்டிருச்சு, ஒண்ணு படல."

ஓர் அம்பு பட்டுவிட்டது. இனி நான் உருட்ட வேண்டும். நாலோ அதற்கு மேலோ விழுந்தால் கவசம் தடுத்தது என்று கணக்கு, தளபதி பிழைப்பார். மூன்றோ அதற்குக் கீழோ விழுந்தால் டின். மாமா என் பின்னால் வந்து நின்றுகொண்டார். டியூஷன் சார் பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்கிய தேத்தண்ணியை உறிஞ்சுவதை நிறுத்திவிட்டார். பகடையை எடுத்தேன். குலுக்கினேன், விட்டேன்.

பகடை ஆற்றைத் தாண்டி உருண்டு, மலையடிவாரத்தில் முட்டி, நின்றது. இரண்டு.

இரண்டு என்று நான் பார்த்தேன். அதில் இன்றுவரை எனக்குச் சந்தேகமில்லை. பார்த்த அதே வீச்சில் என் கை போய் அதை வாரிக்கொண்டது, வாய் "நாலு" என்றது. மாமன் எட்டடி பாய்ந்தால் மருமகள் பதினாறடி பாய்ந்துவிட்டாள்.

மீட்டர் அங்கிள் மேசைக்கு அந்தப் பக்கம் நின்றபடி என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் நான் அப்போதே அழுதிருப்பேன். அவர் அளக்கும்போது எப்படிப் பார்ப்பாரோ அப்படித்தான் பார்த்தார்.

"நாலாம்மா?"

"நாலு, அங்கிள்."

அவர் பார்வை என் தலைக்கு மேல் போயிற்று.

"தம்பி, நீ பாத்தியா?"

மாமாவின் மூச்சு என் உச்சந்தலையில் படுவது எனக்குத் தெரிந்தது. அந்தக் கொஞ்ச நேரத்தில் கீழே சாப்பாட்டுக் கடையில் யாரோ ரொட்டிக்கு மாவடிப்பது தப்தப்பென்று கேட்டது. உள்ளங்கைக்குள் பகடையின் முனை குத்தும் அளவுக்கு நான் இறுக்கிப் பிடித்திருந்தேன்.

"நாலுதாண்ணே," என்றார் மாமா.

டியூஷன் சார் குனிந்து தேத்தண்ணிப் பையின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார். அது ஏற்கெனவே அவிழ்ந்துதான் இருந்தது.

"சரி," என்றார் மீட்டர் அங்கிள். நோட்டுப் புத்தகத்தை எடுத்து எழுதினார். "நாலு."

நாங்கள் ஜெயித்துவிட்டோம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்ட பெருமிதம் எனக்கு. பயமும் இருந்தது, ஆனால் பெருமிதம் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. மீட்டர் அங்கிள் வழக்கம்போல எல்லாருக்கும் கைகொடுத்தார். எனக்கும் கொடுத்தார். "நல்ல ஆட்டம்" என்று மட்டும் சொல்லவில்லை. பிறகு மேசையில் இருந்த மலைகளை ஒவ்வொன்றாக எடுத்தார். வாராவாரம் அங்கேயே அலமாரிக்கு மேல் கிடக்கும் மலைகள் அவை. அன்று அவற்றை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, ராஃபியா பிளாஸ்டிக் கயிற்றால் கட்டி, தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனார்.

"மலையோட போறாரே," என்றார் டியூஷன் சார்.

ஜெயித்த ஞாயிறுகளில் மாமா தன் செலவில் எனக்கு ஐஸ் போட்ட செண்டோல் வாங்கிக் கொடுத்து பெலாஞ்சா பண்ணுவது வழக்கம். அன்று மாமா ஓட்டிய காடி அந்தக் கடையில் நிற்காமல் தாண்டிப் போனது. நெடுஞ்சாலையில் கிள்ளான் வரைக்கும் வண்டிகள் நகராத ஜேம். நான் தளபதியை மடியில் வைத்துக்கொண்டு, பாராட்டு எப்போது வரும் என்று காத்திருந்தேன். ஷா ஆலம் தாண்டுகிற வரை வரவில்லை. அதன் பிறகு மாமா ரோட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

"எப்படி அவ்ளோ வேகமா எடுத்த?"

அப்பாடா, வந்துவிட்டது என்று எனக்கு முகமெல்லாம் சிரிப்பு. "உங்க மாதிரிதான் மாமா. வீட்டுல பழகுனேன்."

மாமா கையை நீட்டி வானொலியை அணைத்தார். அதில் போய்க்கொண்டிருந்தது அவருக்குப் பிடித்த பாட்டு. வீட்டு வாசலில் என்னை இறக்கிவிட்டவர் உள்ளே வந்து சாப்பிடாமலே போய்விட்டார். அவருக்கு ஜேமில் தலைவலி என்று அம்மாவிடம் சொன்னேன். அப்படித்தான் நானும் நினைத்தேன்.

அந்த வாரம் எனக்கு எதுவும் சரியாக இல்லை. பென்சில் பெட்டியைத் திறந்தால் தளபதி அந்தப் பெரிய கண்ணால் என்னைப் பார்த்துத் திடுக்கிட்டார். நான் அவரைக் குப்புறப் படுக்கவைத்து மூடினேன். புதன்கிழமை மாமா வந்தார். சமையலறையில் அம்மாவிடம், மூன்று முறை அழைத்தும் மீட்டர் அண்ணன் போனை எடுக்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது. அவரும் போய்விட்டால் மேசை அவ்வளவுதான் என்று டியூஷன் சார் சொல்கிறாராம்.

"பொம்ம வெளயாட்டுக்கா இப்படி மூஞ்சத் தூக்கி வச்சிருக்க?" என்றார் அம்மா.

"பொம்ம இல்லக்கா," என்றார் மாமா. வழக்கமாக அதற்குப் பிறகு பத்து நிமிடம் விளக்கம் சொல்வார். அன்று அதோடு நிறுத்திக்கொண்டார்.

நான் உள்ளே போய், "அவரு தோத்துட்டாரு, அதான் கோவம்," என்றேன். "டெங்கில் அங்கிளையும் அவருதானே வெரட்டிட்டாரு. அளந்து அளந்து." ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அம்மா சிரித்துவிட்டு, தோற்றால் கோபம் வருவது பற்றி எங்கள் வீட்டில் யார் பேசுவது என்று கேட்டார். மாமா சிரிக்கவில்லை. என்னையே பார்த்தார். மாமாவுக்கு என்னைப் பிடிக்காமல் போய்விட்டதோ என்று அன்று முதல் முறையாகப் பயந்தேன்.

சனிக்கிழமை மாமா மறுபடி வந்தார். அம்மா தீபாவளிக்கு முறுக்கு போட்டு வைக்கும் சிவப்பு மூடி பிளாஸ்டிக் போத்தலைக் கேட்டார். உடம்பெல்லாம் கண்ணாடி போலத் தெரியும் அகலமான போத்தல். அடியில் கிடந்த முறுக்குத் தூளை என் கையில் கொட்டிவிட்டு, ஈரத் துணியால் துடைத்துக் கொண்டுபோனார். நகச்சாயத்தை அடுத்து போத்தலும் போருக்குப் போகிறது என்று அம்மா அலுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்றே முக்காலுக்கே நாங்கள் பிரிக்பீல்ட்ஸில் இருந்தோம். மலைகள் இல்லாமல் பச்சைத் துணி மொட்டையாகக் கிடந்தது. ஒன்று ஐம்பது ஆயிற்று. இரண்டு ஆயிற்று. மீட்டர் அங்கிள் ஒருநாளும் தாமதமாக வந்தவர் இல்லை. வெளியே மழை பிடித்துக்கொண்டது. மாமா சன்னலுக்கும் மேசைக்கும் நடந்தார். இரண்டு இருபதுக்கு டியூஷன் சார் துணியின் ஒரு முனையைப் பிடித்து மடிக்கத் தொடங்கினார்.

"இருடா," என்றார் மாமா.

"எவ்ளோ நேரம் லா?"

"இரு."

எனக்கு அவர் வரவும் வேண்டும், வரவும் கூடாது. வந்து, அன்று விழுந்தது இரண்டு என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? வராமலே போனால் என்னால்தான் என்று ஆகிவிடுமே. இரண்டில் எது மேல் என்று நான் தேர்ந்தெடுப்பதற்குள் படியில் முட்டி சடசடக்கும் சத்தம் கேட்டது. முதலில் கதவுக்குள் நுழைந்தவை மலைகள். குப்பைப் பைக்குள் போட்டு, நனையாமல், ராஃபியா கயிற்றோடு. பின்னால் அவர், தோள்வரை நனைந்து.

"கோயில்ல ஒரு ஞானஸ்நானம். நேரமாயிருச்சு," என்றார். மலைகளை அவிழ்த்து, ஒவ்வொன்றையும் பழைய இடத்தில் வைத்தார்.

கடைசி மலையும் வைத்து முடித்த பிறகு மாமா அந்தப் போத்தலை எடுத்து மேசையின் நடுவில் வைத்தார்.

"அண்ணே, இனிமே எல்லாரும் இதுலயே போடலாமா? மூடி போட்டுக் குலுக்கி வச்சிட்டா எந்தப் பக்கம் இருந்தும் தெரியும். யாரும் கையால எடுக்க வேண்டாம்." கொஞ்சம் நிறுத்தினார். "மொதல்ல நான் போடுறேண்ணே. நான் எப்பவும் இதுலதான் போடுவேன்."

எப்போதும் வேடிக்கையாகப் பேசுகிற மாமா இதை ஏன் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் முன்னால் நிற்பவரைப் போலச் சொல்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. பகடை அடிக்கடி மேசைக்குக் கீழே உருண்டு ஓடிவிடுகிறது, அதற்குத்தான் போத்தல் என்று நினைத்தேன். நல்ல யோசனைதான், இதற்கு ஏன் இவ்வளவு தயக்கம்?

மீட்டர் அங்கிள் போத்தலைக் கையில் எடுத்தார். திருப்பினார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து அடிப்பாகத்தைப் பார்த்தார். மாமா துடைத்தும் போகாமல் ஒட்டியிருந்த ஒரு முறுக்குத் துணுக்கை நகத்தால் சுரண்டி எடுத்தார். அதை அவர் எங்கே போடுவது என்று தேடி, கடைசியில் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"நல்லதாப் போச்சு லா," என்றார். "எனக்கும் இப்பல்லாம் கண்ணு சரியாத் தெரிய மாட்டேங்குது. போன வாரமே ரொம்பக் கஷ்டமாப் போச்சு."

மாமா தலையைக் குனிந்துகொண்டார். டியூஷன் சாருக்குத் திடீரென்று இருமல் வந்தது.

எனக்கோ உடம்பில் இருந்து ஒரு மூட்டை இறங்கியது போல இருந்தது. அவருக்குக் கண் தெரியவில்லை. அப்படியானால் அந்தப் பகடையை அவர் பார்க்கவே இல்லை. ஒரு வாரமாக வீணாகப் பயந்திருக்கிறேன். அந்த நிம்மதி வந்த கையோடு இன்னொன்றும் வந்தது. நனைந்த சட்டையோடு நிற்கிற அந்த மனிதரைப் பார்க்க முதல் முறையாகப் பாவமாக இருந்தது. ஊரையெல்லாம் அளக்கிறவருக்குக் கண் போய்விட்டதே.

அன்று என் தளபதி செத்துப்போனார். மீட்டர் அங்கிளின் குதிரைப்படை வந்து மோதியது. போத்தலைக் குலுக்கி மேசையில் வைத்தேன். பகடை அடியில் இரண்டு முறை தட்டி நின்றது. மாமா மூச்சைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். டியூஷன் சார் எழுந்து போய்ச் சன்னலைச் சாத்தினார், என் கூச்சல் அடுத்த கட்டடம்வரை கேட்கப்போகிறது என்று மாமா எச்சரித்து வைத்திருப்பார் போல. நான் கண் தெரியாதவருக்கு உதவுவதாக நினைத்துக்கொண்டு, குனிந்து, சத்தமாகப் படித்தேன்.

"ஒண்ணு, அங்கிள். ஒண்ணுதான் விழுந்திருக்கு. செத்துட்டாரு."

அழுகை வரும் என்று நானும் காத்திருந்தேன். வரவில்லை. ஏன் வரவில்லை என்று யோசித்துப் பார்த்தும் தெரியவில்லை. மீட்டர் அங்கிள் தளபதியைக் காகிதத்தில் சுற்றி, வாள் முறியாதபடி பிஸ்கட் டின்னின் ஓரத்தில் படுக்கவைத்தார். ஆட்டம் முடிந்ததும் எனக்குக் கைகொடுத்தார்.

"நல்ல ஆட்டம்மா," என்றார்.

திரும்பும் வழியில் மாமா செண்டோல் கடையில் நிறுத்தினார். தோற்ற ஞாயிறு அது என்று அவருக்கு நினைவில்லை போல என்று நினைத்து நான் வாயைத் திறக்கவில்லை. இரண்டு கிண்ணம் சாப்பிட்டேன். போத்தல் வந்த மூன்றாவது வாரம் டெங்கில் அங்கிள் ஒரு பை ரம்புத்தானோடு படியேறி வந்தார், வேலை குறைந்துவிட்டது என்றார். அதையும் நான் நம்பினேன். மாமாதான் அவரைத் தேடி டெங்கிலுக்குப் போய் வந்திருக்கிறார் என்பது எனக்குத் தெரிய ஒன்பது வருடம் ஆயிற்று. ஐந்து பேராகிவிட்டதால் முறை மாற்றி ஆடினோம். யாராவது ஒருவர் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்றால் மாமாதான் முதலில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார்.

நான் மட்டும் என் புதிய கடமையை விடவில்லை. யார் போத்தலைக் குலுக்கினாலும் ஓடிப்போய்க் குனிந்து, மீட்டர் அங்கிளுக்காக ஒவ்வொரு பகடையையும் உரக்கப் படித்துச் சொன்னேன். மூன்று என்றால் மூன்று, ஒன்று என்றால் ஒன்று, எனக்கு எதிராக விழுந்தாலும் அப்படியே. கண் தெரியாத மனிதரை ஏமாற்றலாமா? அவர் ஒவ்வொரு முறையும் தலையாட்டி, "நன்றிம்மா," என்று சொல்லி நோட்டில் எழுதிக்கொண்டார்.

எட்டாவது ஞாயிறு, தளபதி திரும்பி வரும் நாள். அன்றைக்கும் அப்படித்தான் ஒரு கை பகடையைப் படித்து முடித்துவிட்டு, என் ஈட்டிக்காரர்களை நகர்த்த டேப்பை நீட்டினேன். மீட்டர் அங்கிள் மேசையின் அந்தக் கோடியில், கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"ஏழு இல்லம்மா," என்றார். "ஆறே முக்கா. கொஞ்சம் பின்னால வை."

குனிந்து பார்த்தேன். ஆறே முக்கால்தான். கொஞ்சம் பின்னால் வைத்துவிட்டு, அடுத்த பகடையை அவருக்குப் படித்துச் சொல்லப் போனேன்.